மெனுவுக்குள் போகாமல் ஃபோகஸை மாற்றுவது: காட்டுயிர்ப் படங்களுக்கு நிகான் இசட் 8-ன் பட்டன் அமைப்பு

[திரையில்: முதுமலைச் சாலையோரம் ஒரு உண்ணிச்செடிப் புதர். அதுக்குப் பின்னால கடமானோட காதும் ஒரு கண்ணும் மட்டும் தெரியுது.]

இந்தப் படத்துல கூர்மையா விழுந்திருக்கிறது உண்ணிச்செடிக் குச்சி. கடமான் மங்கிப் போச்சு. கேமரா நல்ல கேமரா, லென்ஸ் நல்ல லென்ஸ், விலங்குகளை அடையாளம் காணுற வசதியும் ஆன்லதான் இருந்துச்சு. ஆனா ஃப்ரேம் முழுக்கத் தேடச் சொல்லி கேமராவை விட்டுட்டோம். கண்ணும் முகமும் தெளிவா தெரியாதப்ப, முன்னால துருத்திக்கிட்டு நிக்கிறதைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும்.

இப்ப அதே அமைப்போட வேடந்தாங்கல் போங்க. வானத்துல மஞ்சள் மூக்கு நாரை பறந்து வருது. பின்னால வெறும் நீலம். அங்க இந்த முழு ஃப்ரேம் முறைதான் சரியான முறை. ஒற்றைப் புள்ளியை வச்சுக்கிட்டு பறக்கிற பறவை மேல நிறுத்தப் பார்த்தா, பாதி நேரம் அது பறவையை விட்டு விலகித்தான் இருக்கும்.

அதனால "காட்டுயிருக்கு எந்த ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) மோட் நல்லது?" அப்படிங்கிற கேள்விக்கே பதில் கிடையாது. மூணு மோட் வேணும், மூணும் ஒரே சமயத்துல விரலுக்குக் கீழ இருக்கணும். மெனுவுக்குள்ள போய் மாத்திட்டு வர்றதுக்குள்ள கடமான் காட்டுக்குள்ள போயிரும்.

இந்த வீடியோவுல நிகான் இசட் 8-ஐ வச்சு ஒவ்வொரு படியா பார்க்கலாம். கேனான், சோனிக்கு எங்க என்ன மாத்தணும்னு கடைசியில சொல்றோம். மெனு எண்கள் உங்க கேமராவுல ஒண்ணு ரெண்டு தள்ளியிருந்தா, பேரை வச்சுத் தேடுங்க.

[திரையில்: கேமராவின் பின்பக்கம். பென்சில் ஐகான் மெனு.]

முதல் வேலை, ஷட்டர் பட்டன்கிட்டருந்து ஃபோகஸைப் பிடுங்கிடுறது. கஸ்டம் செட்டிங்ஸ்ல ஏ6, ஏஎஃப் ஆக்டிவேஷன். அதுல 'ஏஎஃப்-ஆன் ஒன்லி' தேர்வு செய்யுங்க. இனிமே ஷட்டரைப் பாதி அழுத்தினா ஃபோகஸ் நகராது. கட்டைவிரல் பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டன்ல இருக்கிற வரைக்கும் கேமரா தொடர்ந்து ஃபோகஸ் பண்ணும், எடுத்துட்டா நின்னுடும். ஃபோகஸ் மோட் எப்பவும் ஏஎஃப்-சி, அதாவது தொடர்ந்து ஃபோகஸ் பண்றது. ஒரு தடவை பிடிச்சு நிறுத்துற ஏஎஃப்-எஸ் தேவையே படாது, ஏன்னா விரலை எடுத்தாலே அதுதான் ஏஎஃப்-எஸ்.

அந்த 'ஏஎஃப்-ஆன் ஒன்லி'க்குள்ளயே இன்னொரு சின்ன தேர்வு ஒளிஞ்சிருக்கு. வலது அம்பை அழுத்தினா 'அவுட் ஆஃப் ஃபோகஸ் ரிலீஸ்'னு வரும். அதை எனேபிள்ல வைங்க. இல்லன்னா ஃபோகஸ் பிடிச்சு, விரலை எடுத்து, ஃப்ரேமை நகர்த்தி எடுக்கிற நேரத்துல ஷட்டர் இறங்காம நிக்கலாம். கேமரா ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ் சென்டர் வரைக்கும் கொண்டுபோக வைக்கிற விஷயம் இது.

இந்தப் பழக்கம் புதுசும் இல்ல. 1989-ல வந்த கேனான் ஈஓஎஸ் 630 ஃபிலிம் கேமராவுலயே ஃபோகஸைப் பின்பக்க பட்டனுக்கு மாத்துற வசதி இருந்துச்சு.

சிலருக்கு இது கடைசி வரைக்கும் கைக்கு ஒத்துவராது. பரவாயில்ல. ஷட்டர்லயே ஃபோகஸ் இருக்கட்டும்னு விட்டுட்டு, அடுத்து சொல்ற ரெண்டு பட்டன்களை மட்டும் வச்சாலும் பலன் உண்டு.

[திரையில்: மூன்று பட்டன்களும் வட்டமிட்டுக் காட்டப்படுகின்றன.]

இப்ப மூணு மோடையும் பிரிச்சுக் கொடுக்கலாம்.

ஏஎஃப்-ஆன் பட்டனை அப்படியே விட்டுடுங்க. அது கேமராவோட அடிப்படை மோடைப் பயன்படுத்தும். அந்த அடிப்படை மோடை சிங்கிள் பாயின்ட்ல, அதாவது ஒற்றைப் புள்ளியில வைங்க. கேமராவோட முன்பக்கத்துல இருக்கிற ஃபோகஸ் மோட் பட்டனை அழுத்திக்கிட்டு முன் டயலைச் சுத்தினா மாறும். புதருக்குள்ள இருக்கிற மிருகம், கிளைகளுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிற ஆறுமணிக்குருவி, காய்ஞ்ச இலை மேல இலையாவே கிடக்கிற பக்கி, எல்லாத்துக்கும் இதுதான். ஒண்ணு ஞாபகம் வைங்க. சிங்கிள் பாயின்ட்லயும் டைனமிக்லயும் இந்த கேமராவோட கண் கண்டுபிடிக்கிற வேலை ஓடாது. வைட் ஏரியா, ஆட்டோ ஏரியா, 3டி டிராக்கிங் மூணுலதான் ஓடும். நமக்கு இங்க அதுதான் வசதி. குச்சிக்கு நடுவுல இருக்கிற ஓட்டையில புள்ளியை வைங்க, கேமரா தன் இஷ்டத்துக்கு எதையும் யோசிக்காது.

அடுத்து எஃப்2, கஸ்டம் கன்ட்ரோல்ஸ், ஷூட்டிங். அதுல எஃப்என்1-ஐத் தேர்ந்தெடுத்து, 'ஏஎஃப் ஏரியா மோட் பிளஸ் ஏஎஃப்-ஆன்' கொடுங்க. வலது அம்பு, 3டி டிராக்கிங், அதாவது பிடிச்ச பொருள் நகர்ந்தா புள்ளியும் கூடவே போற மோட். 'பிளஸ் ஏஎஃப்-ஆன்' இருக்கிறதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. வெறும் 'ஏஎஃப் ஏரியா மோட்'னும் ஒரு தேர்வு இருக்கு. அது மோடை மட்டும் மாத்தும், ஃபோகஸை ஆரம்பிக்காது.

எஃப்என்1 லென்ஸ் பக்கம் இருக்கு, வலது கை விரலுக்கு எட்டும். அதனாலதான் 3டி-யை அங்க வைக்கிறோம். கட்டைவிரல் ஏஎஃப்-ஆன்ல இருக்கும்போதே அந்த விரலால எஃப்என்1-ஐ அழுத்தலாம். கடமான் புதருக்குள்ள இருக்கிற வரைக்கும் சிங்கிள் பாயின்ட். வெளிய வந்து நடக்க ஆரம்பிச்ச உடனே எஃப்என்1. புள்ளி எங்க இருந்துச்சோ அங்கிருந்தே டிராக்கிங் கிளம்பி, கண்ணுக்குத் தாவி, கூடவே போகும். ஆனா இது நடக்கணும்னா ஏ7, ஃபோகஸ் பாயின்ட் பெர்சிஸ்டன்ஸ், ஆட்டோல இருக்கணும். ஆஃப்ல இருந்தா மோட் மாறும்போது புள்ளி வேற இடத்துக்குப் போயிடும். அப்ப கேமரா பின்னால நிக்கிற இன்னொரு மானைப் பிடிச்சா அதைக் குத்தம் சொல்ல முடியாது.

3டி டிராக்கிங் நிறத்தையும் வச்சுத்தான் தொடருது. பழுப்பு மண்ணுல பழுப்பு மிருகம்னா நழுவிடும். நழுவினா எஃப்என்1-ஐ விட்டுடுங்க, திரும்ப சிங்கிள் பாயின்ட்ல பிடிங்க, மறுபடி கொடுங்க.

மூணாவது, ஜாய்ஸ்டிக்கோட நடு அழுத்தம். அதுக்கு 'ஏஎஃப் ஏரியா மோட் பிளஸ் ஏஎஃப்-ஆன்', ஆட்டோ ஏரியா, அதாவது முதல்ல சொன்ன ஃப்ரேம் முழுக்கத் தேடுற முறை. திறந்த வானம், திறந்த நீர்ப்பரப்பு. இதுக்கு மட்டும்தான். பின்னால மரவரிசை வந்த உடனே ஆட்டோ ஏரியா தடுமாறும். அங்க வைட் ஏரியா சி1 நல்லா வேலை செய்யும். அதோட நீளத்தையும் அகலத்தையும் நீங்களே வைக்கலாம். தண்ணிய ஒட்டிப் பறக்கிற பறவைக்கு அகலமான, உயரம் கம்மியான பட்டையா வச்சா, கரையில நிக்கிற நாணலை கேமரா பார்க்கவே பார்க்காது.

ஜாய்ஸ்டிக்ல ஒரு தொல்லை உண்டு. அழுத்தும்போது விரல் கொஞ்சம் சாய்ஞ்சா புள்ளி நகர்ந்துடும். கையுறை போட்டா இன்னும் மோசம். அது நடந்துக்கிட்டே இருந்தா, இந்த வேலையை லென்ஸ் குழாய்ல இருக்கிற எஃப்என் பட்டனுக்கு மாத்திடுங்க.

[திரையில்: பொருள் கண்டறிதல் பட்டியல்.]

சப்ஜெக்ட் டிடெக்ஷனை ஆட்டோல விடாதீங்க. ஜீப்ல முன் சீட்டுல இருக்கிறவர் ஃப்ரேமுக்குள்ள தலையை நீட்டினா, கேமரா புலியை விட்டுட்டு அவர் முகத்துக்கு வரலாம். பாலூட்டிகளுக்கு அனிமல். பறவைகளுக்கு, 2024 பிப்ரவரியில வந்த ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற மென்பொருள்) 2.00-ல இருந்து தனியா பேர்ட்ஸ் தேர்வு இருக்கு. அதுக்கும் பழைய ஃபர்ம்வேர்னா முதல்ல அப்டேட் பண்ணிட்டு மத்ததைப் பாருங்க.

அடுத்து ஏ3. ஃபோகஸ் டிராக்கிங் வித் லாக்-ஆன், அதுல பிளாக்டு ஷாட் ஏஎஃப் ரெஸ்பான்ஸ். 1-ல இருந்து 5 வரைக்கும். குறுக்க ஏதாவது வந்தா கேமரா எவ்வளவு நேரம் பொறுத்திருக்கணும்னு சொல்றது இது. 1 உடனே தாவும், 5 பொறுமையா இருக்கும். நிறைய பேர் "பறவைன்னா 5"னு கண்ணை மூடிக்கிட்டு வைக்கிறாங்க. கருந்தோள் பருந்து மரங்களுக்கு நடுவுல புகுந்து போகுதுன்னா 5 சரி. ஆனா 5-ல ஒரு விலை இருக்கு. ஆரம்பத்துலயே கேமரா பின்னணியைப் பிடிச்சிருந்தா, அந்தத் தப்பையும் அதே பொறுமையோட பிடிச்சு வச்சுக்கும். எங்க தேர்வு 3. நாணல் ஓரம் மட்டும் 4. எந்த எண்ல இருந்தாலும், பின்னணிக்குப் போயிட்டா பட்டனை விட்டுட்டுத் திரும்ப அழுத்துங்க. பூட்டு உடைஞ்சு புதுசா தேட ஆரம்பிக்கும்.

அப்படியும் வரலன்னா?

[திரையில்: பின்னணி மரங்கள் கூர்மை. நடுவில் மீன்கொத்தி ஒரு நீல மங்கல்.]

இசட் 8 மாதிரி மிரர்லெஸ் கேமரா வச்சிருக்கிற எல்லாரும் திட்டுற இடம் இது. 600 மி.மீ.-ல தூரத்து மரத்துல ஃபோகஸ் நிக்குது. 6 மீட்டர்ல உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தி சென்சர் மேல வெறும் நிறத் தீற்றலா விழுது. அந்த அளவு மங்கலா இருக்கிறதுல கேமராவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க விளிம்பே கிடைக்காது. கூர்மையா தெரியுற மரத்தோடயே திருப்தியா இருந்துடும். எந்த ஏஎஃப் மோடும் இங்க உதவாது. லென்ஸைக் கிட்டத் தூரத்துக்குக் கொண்டுவரணும், அவ்வளவுதான். ஃபோகஸ் வளையத்தைக் கையால ஒரு திருப்பு திருப்பலாம். இல்லன்னா ஒரு பட்டன்ல 'சேவ் ஃபோகஸ் பொசிஷன்', லென்ஸ் எஃப்என்-ல 'ரீகால் ஃபோகஸ் பொசிஷன்' கொடுங்க. 8 மீட்டர்ல ஏதாவது ஒரு கிளையில ஃபோகஸ் பண்ணி சேமிச்சு வைங்க. சிக்கும்போது ஒரு அழுத்து, லென்ஸ் அங்க வந்து நிக்கும். அப்புறம் ஏஎஃப்-ஆன். சேமிச்ச பிறகு ஜூமை மாத்தினாலோ, காலைக் குளிர் போய் வெயில் ஏறினாலோ அந்த இடம் கொஞ்சம் நகரும். நமக்குத் துல்லியம் தேவையில்ல, பக்கத்துல வந்தா போதும்.

லென்ஸ்ல இருக்கிற, ஃபோகஸ் தேடுற தூரத்தைக் கட்டுப்படுத்துற லிமிட்டர் சுவிட்சையும் பாருங்க. நிகான் 180-600 மி.மீ. லென்ஸ்ல ஃபுல், இல்லன்னா 6 மீட்டர்ல இருந்து முடிவிலி வரைக்கும். வானத்துப் பறவைக்கு 6 மீட்டர் நிலைதான் வேகம். ஆனா அதை மறந்துட்டுப் பக்கத்துக் கிளைச் சிட்டை எடுக்கப் போனா ஃபோகஸே பிடிக்காது.

மிச்சம் இருக்கிற எஃப்என்2-க்கு, 'ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன்ஸ், ஹோல்ட்'. உட்கார்ந்திருக்கிற பறவையை 1/500-ல எடுத்துக்கிட்டு இருக்கீங்க, திடீர்னு சிறகை விரிக்குது. எஃப்என்2-ஐ ஒரு தடவை தட்டினா 1/3200, எஃப் 6.3. இன்னொரு தடவை தட்டினா பழைய இடம். முதல்ல கேமராவைப் பறக்கிற அமைப்புல வச்சுட்டு, இந்தத் தேர்வுக்குள்ள 'சேவ் கரன்ட் செட்டிங்ஸ்' கொடுங்க. பட்டியல்ல வேண்டாததுக்கு எதிர்ல இருக்கிற டிக்கை எடுத்துடுங்க, குறிப்பா படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். இல்லன்னா போன வாரம் பளீர் வானத்துக்கு வச்ச பிளஸ் 1 இன்னிக்கு வெள்ளைக் கொக்கை ஊதித் தள்ளிடும்.

ஏ8-ல தேவையில்லாத ஏரியா மோட்களுக்கு டிக்கை எடுத்தா, டயலைச் சுத்தும்போது நாலஞ்சு மோட் குறையும். எடுத்த படத்தைத் திரையில பார்க்கிறதுக்கு, ஓகே பட்டனுக்கு 100% ஜூம் கொடுத்துடுங்க.

[திரையில்: கேனான், சோனி மெனுக்கள்.]

கேனான் ஆர் வரிசையில, கஸ்டமைஸ் பட்டன்ஸ்ல ஷட்டர் பாதி அழுத்தத்தை 'மீட்டரிங் ஸ்டார்ட்' (வெளிச்சத்தை அளக்கிறது) மட்டும்னு மாத்துங்க. ஏஎஃப்-ஆன், நட்சத்திர பட்டன் ரெண்டுக்கும் 'மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்' கொடுத்து, இன்ஃபோ பட்டனை அழுத்தினா ஒவ்வொண்ணுக்கும் தனி ஏஎஃப் முறை வைக்கலாம். 'லென்ஸ் டிரைவ் வென் ஏஎஃப் இம்பாசிபிள்'ங்கிறதை ஆஃப் பண்ணிடுங்க. ஃபோகஸ் கிடைக்கலன்னா லென்ஸ் முழு நீளமும் ஓடித் திரும்புறது நிக்கும். சோனியில 'ஏஎஃப் வித் ஷட்டர்' ஆஃப், ஒரு பட்டனுக்கு 'டிராக்கிங் ஆன் பிளஸ் ஏஎஃப் ஆன்'. ஏ3-க்கு அங்க இணை 'ஏஎஃப் டிராக்கிங் சென்சிடிவிட்டி'. எண் மட்டும் தலைகீழ், சோனியில 1-தான் பொறுமை.

[திரையில்: கோடியக்கரை உப்பளம், மதிய வெயில். பூநாரைகள் தண்ணீரில் ஆடுவதுபோல் தெரிகின்றன.]

எல்லாம் சரியா வச்சும் படம் கூர்மை இல்லன்னா, உடனே ஏஎஃப் அமைப்பைக் கலைக்காதீங்க. 100%-ல பெரிசாக்கிப் பாருங்க. பறவைக்கு முன்னாலயோ பின்னாலயோ இருக்கிற புல் கூர்மையா இருந்தா, ஃபோகஸ் தவறியிருக்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சர் இருக்கிற கேமராவுல 600 மி.மீ., எஃப் 6.3, 10 மீட்டர் தூரத்துக்குக் கூர்மை ஆழம் சுமார் 10 செ.மீ.-தான். 5 மீட்டர்ல அது 2.5 செ.மீ. ஆகிடும், கண்ணுக்கு வச்சா வால் போகும். ஃப்ரேம்ல எல்லாமே ஒரே திசையில இழுபட்டிருந்தா ஷட்டர் வேகம் போதல. எல்லா இடமும் நெளிஞ்சு பிசுபிசுன்னு இருந்தா அது கானல். சூடான உப்பளத்துக்கு மேல காற்று அலைபாயும்போது எந்த கேமராவும் பிடிக்காது. காலை 8 மணிக்குள்ள எடுங்க, இல்லன்னா கிட்டப் போக வழி பாருங்க.

அமைப்பு கைக்கு வந்த பிறகு, செட்டப் மெனுவுல 'சேவ் லோட் மெனு செட்டிங்ஸ்' மூலமா கார்டுல சேமிச்சுடுங்க. கேமராவுக்குள்ளயே அமைப்புகளை வச்சுக்கிற மெனு பேங்க்கை நம்பிக்கிட்டு இருக்காதீங்க. பேங்க் ஏ-ல இருக்கும்போது அவசரத்துக்கு ஒண்ணை மாத்தினா, அதுவே பேங்க் ஏ-வா பதிஞ்சுடும். கார்டுல இருக்கிற ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி எடுத்து வைங்க. பேரை மட்டும் மாத்தாதீங்க, மாத்தினா கேமரா அதைத் திரும்ப ஏத்துக்காது.