யாரைப் பார்த்துச் சிரிப்பது?

(பாளையங்கோட்டையில் ஒரு சனிக்கிழமை மாலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

முன் வரிசையில் பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை ரிவிஷன் டெஸ்ட் என்று வாசலிலேயே ஒரு பெண் சொன்னாள். அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் 26 வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்ச காலமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கான நாவல். கதாநாயகி பெயர் கோமு. இந்தப் பாளையங்கோட்டையில்தான் பிளஸ் டூ படிக்கிறாள். ஜூன் மாதம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூடம் திறக்கிற அன்று கதை தொடங்குகிறது. மே மாதம் ரிசல்ட் வருகிற அன்று முடிகிறது. நடுவில் காலாண்டு, அரையாண்டு, ஸ்லிப் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ் என்று உங்களுக்குப் பழக்கமான எல்லாமே வரும். சிரிப்புக் கதை. இன்னும் பெயர் வைக்கவில்லை, அச்சுக்கும் போகவில்லை.

இதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு அம்மா என்னிடம் வருத்தமாகக் கேட்டார்: "பிள்ளைக படுத பாட்டை வச்சுச் சிரிப்புக் கதையா டீச்சர்?" நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பழைய கதையைத்தான் நான் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

1986-இல் நான் பத்தாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கணக்குப் பரீட்சைத் தாள் கொடுக்கிற அன்று, கூடின மார்க்கிலிருந்து குறைந்த மார்க் வரை வரிசையாக அடுக்கி வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். தொண்ணூறு, எண்பது, எழுபது என்று இறங்கிக்கொண்டே வரும். நம் பெயர் இன்னும் வரவில்லை என்றால் அடிவயிறு என்ன பாடுபடும் என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். என் தாள் கடைசிக்கு முந்தையது. வாத்தியார் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "இதுல இந்தப் பிள்ளை எழுதுன நீல மையை விட நான் எழுதுன சிவப்பு மைதான் ஜாஸ்தி. மார்க்கை இவளுக்குப் போடுததா, எனக்குப் போடுததா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை நெல் குலுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். ரொம்ப நாள் அங்கேயே கிடந்தது.

அந்த வேடிக்கையில் வார்த்தை நயம் இருந்தது. ஒரு தமிழ் ஆசிரியையாக அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு வந்து விழுந்த இடம் தப்பு. அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: நம் பள்ளிக்கூடங்களில் சிரிப்பு எப்போதுமே இருந்திருக்கிறது. அது குறைந்த மார்க் எடுத்த பிள்ளையின் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. அதைத் தூக்கி மார்க்கின் தலையில் போட வேண்டும். என் நாவலின் வேலை அவ்வளவுதான்.

மார்க்கின் தலையில் என்றால் எப்படி? ஒரு காட்சி சொல்கிறேன்.

கோமு தன் அக்காவோடு தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறாள். மறுவீட்டுச் சாப்பாடு. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு எல்லாம் இலைக்கு வந்தாகிவிட்டது. எதிர்ப்பந்தியில் தோழியின் பெரியப்பா. பல வருஷமாக பம்பாயில் இருப்பவர். "ஏட்டி, உங்க அக்கா போன வருஷம் பிளஸ் டூல எவ்வளவு?" என்று கேட்கிறார். "540, பெரியப்பா." அவருக்கு முகம் விழுந்துவிடுகிறது. சோற்றைப் பிசைகிற கை நின்றுவிடுகிறது. "பரவால்ல தாயி, வருத்தப்படாதீக. அடுத்த வாட்டி எழுதிக்கிடலாம்" என்கிறார். பந்தி முழுக்க அமைதி. கோமுவின் அக்கா எடுத்தது 600-க்கு 540. பெரியப்பா கணக்குப் போட்டது 1200-க்கு.

பெரியவர்களுக்கு இந்த மாற்றம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் ரொம்ப காலம் 1200-ஆக இருந்தது. 2019 மார்ச் தேர்விலிருந்து 600 ஆயிற்று. ஒரே பிள்ளை, ஒரே மூளை, ஒரே 540. ஒரு கணக்கில் வெற்றி, இன்னொரு கணக்கில் பரிதாபம். அப்புறம் அந்தப் பெரியப்பாவுக்கு விஷயம் விளங்கியதும் தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அக்கா இலையில் வைக்கிறார். இந்தக் காட்சியை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காவுக்கும் காயமில்லை, பெரியப்பாவுக்கும் காயமில்லை. அடி வாங்கியது அந்த எண் மட்டும்தான்.

2017-இல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர் சொல்லி அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனாலும் மே மாதம் வந்தால் போட்டோவும் மார்க்குமாக பிளக்ஸ் பலகைகள் முளைப்பது நிற்கவில்லை. இந்த ஊருக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர். திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் பிள்ளைகளை ஒப்பிடுவதும் அதிகமாகத்தான் இருக்கும். பலகையில் போட்டோ வராத பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். நான் எழுதுவது அவர்களைப் பற்றி.

இன்னொரு அத்தியாயம் விடியக்காலை நாலு மணி. பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

கோமுவின் அம்மா நாலு மணிக்கு அலாரம் வைக்கிறார். அலாரத்துக்கு அம்மா எழுந்துவிடுகிறார், அடுத்த வீட்டு ஆச்சி எழுந்துவிடுகிறார், ஆச்சி வீட்டு ஆடுகூட எழுந்துவிடுகிறது. கோமு மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுப்பி உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறாள். "படிக்கியா?" என்றால் "ம்" என்கிறாள். "தூங்குதியா?" என்றாலும் அதே "ம்" தான்.

இதை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் தேடிப் படித்தேன். வளரிளம் பருவத்தில் உடலுக்குள் இருக்கிற கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் பெரியவர்களை விட இவர்களுக்கு இரவில் தாமதமாகத்தான் ஊறுகிறது. 13 வயது முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். பதினோரு மணி வரை கண் விழித்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். பிள்ளை சோம்பேறி இல்லை அம்மா. அவள் உடம்புக்கு அது நடுச்சாமம். இத்தனை வருஷம் வகுப்பில் முதல் பீரியடில் தூங்கிய பிள்ளைகளை நான் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அது இப்போது எனக்கு உறுத்துகிறது.

பயத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பான வாசலில் நுழைந்தால் லேசாக மின்சாரம் அடிக்கும். மிதமாக அடித்தபோது எலிகள் நன்றாகக் கற்றுக்கொண்டன. கண்டுபிடிக்கச் சிரமமான வாசலில் அதிர்ச்சியைக் கூட்டக் கூட எலிகள் தடுமாறின. கொஞ்சம் பயம் இருந்தால் படிப்பு ஓடும். அளவு தாண்டினால் படித்ததும் நினைவுக்கு வராது. தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு டீச்சர் என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. வாய்விட்டுச் சிரித்தால் அந்த அதிர்ச்சி ஒரு படி இறங்குகிறது. என் வகுப்பில் நான் கண்ணால் கண்டது அது.

சிரமத்துக்கு நடுவில் பிள்ளைகள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாணவிதான். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. சிந்துபூந்துறையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. வடிந்த பிறகு பார்க்கப் போனேன். நோட்டைப் பிரித்து, தாள் தாளாகத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள். அவள் ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்துபோய்விட்டது. நான் சிவப்புப் பால்பாயிண்ட் பேனாவில் போட்ட டிக் மட்டும் அப்படியே நின்றது. கொடியைக் காட்டிச் சொன்னாள்: "பாருங்க டீச்சர், ஒரு விடையும் இல்ல, எல்லாத்துக்கும் டிக் இருக்கு. இப்படி ஒரு பரீட்சை வச்சா எவ்வளவு நல்லாருக்கும்!"

சேறு மணக்கிற வீட்டில், நனைந்த பாய்க்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அம்மாவும் சிரித்தார். 1986-இல் என் தாளில் இருந்த சிவப்பு மை எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று இரவே கோமுவின் முதல் பக்கத்தை எழுதினேன்.

சரி, எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிடலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மாணவன் இருந்தான். வகுப்பில் சிரிப்பு மூட்டுவதே அவன்தான். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். பரீட்சை நாட்களில் அவன் மதியம் சாப்பிடுவதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சிரிக்க வச்சுட்டா யாரும் மார்க்கு கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றான்.

அவனை நினைத்துத்தான் நாவலில் இசக்கி வருகிறான். அவன் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியாகச் சுற்றாததைக் கடையில் கழித்துவிடுவார்கள். ராத்திரி பீடித்தட்டு மடியில் இருக்க, மகன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறான். "என் வேலையையும் கழிக்காங்க, உன் வேலையையும் கழிக்காங்க. கழிச்சது போக மிச்சத்தை எண்ணுல" என்கிறார். இந்த அம்மாவைப் பரிகாசமாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பிள்ளையை நெருக்குகிற பெற்றோரை வில்லனாக்குவது எழுதுகிறவருக்கு வசதியான வழி. அந்த அம்மா ஏன் அத்தனை பயப்படுகிறார் என்று எழுதினால்தான் கதையில் உண்மை வரும்.

இசக்கிக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, அதில் சிரிப்பே கிடையாது. குறுக்குத்துறைப் படித்துறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கோமு வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அறிவுரை சொல்லவில்லை. ரொம்ப நேரம் தண்ணீரையே பார்க்கிறார்கள். எழுந்திருக்கும்போது அவனுடைய காம்பஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒரு எண்ணை எழுதிக் கொடுக்கிறாள். 14416. அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். இந்த எண்களைக் கதைக்காக மட்டும் சொல்லவில்லை. இப்போதே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

கையெழுத்துப் பிரதியை என் மாணவிகள் மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தேன். பிழைத்திருத்தம் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பெஷல் கிளாஸில் பசிப்பதை நான் சரியாக எழுதவில்லையாம். ஐந்து மணிக்கு மேல் யாருடைய பையில் முறுக்கு இருக்கிறது என்பது முழு வகுப்புக்கும் தெரியுமாம், வாத்தியாருக்கு மட்டும் தெரியாதாம். அதை அப்படியே சேர்த்துவிட்டேன். நாவலில் எல்லாரும் அதிகமாகச் சிரிக்கிற இடம் இப்போது அதுதான்.

கடைசி அத்தியாயம்தான் பாக்கி. ரிசல்ட் நாள். எங்கள் காலத்தில் சாயங்காலப் பேப்பரில் நம்பர் தேடுவோம். பேப்பர்காரர் சைக்கிளைச் சுற்றித் தெருவே நிற்கும். நீங்கள் பதிவெண்ணும் பிறந்த தேதியும் தட்டுகிறீர்கள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அந்த ஒன்றிரண்டு நிமிஷம் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள், அப்பா எதைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறார், அடுப்பில் என்ன தீய்கிறது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. போன வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்தவர்கள் முன் வரிசையில் நிறையப் பேர் இருப்பீர்கள். பேசி முடித்ததும் இந்த மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். அந்த முறுக்கு விஷயம் சொன்ன பெண் முதலில் வரட்டும்.