அப்பாவின் பின் சில்லு

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

சைக்கிளைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று கேட்டதும் எங்கள் வீட்டுக் கதை ஒன்றுதான் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் செய்தி கேட்பாராம். கை ஓய்ந்தால் குரல் மங்கிவிடும். அதனால் அயலட்டையில் உள்ளவர்கள் முறை வைத்துச் சுற்றுவார்களாம். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் பிரான்சில் நான் செய்த வேலை என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அவர் சுற்றினார், ஊர் கேட்டது.

13 வயதில் அங்கே போனேன். பிறகு ஒரு சின்ன அணியில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடினேன். இன்று ஒரேயொரு பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பாரிஸ்–தூர். 1896 இல் தொடங்கிய ஒருநாள் பந்தயம். பெயரில் பாரிஸ் இருந்தாலும் நாங்கள் புறப்பட்டது சார்த்ர் நகரத்திலிருந்து, முடித்தது தூர் நகரத்தில். தூரம் 210 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வவுனியா, மதவாச்சி எல்லாம் தாண்டி அநுராதபுரம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்து மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

சார்த்ரை விட்டு வெளியே வந்ததும் கோதுமை வயல்கள். ஒக்டோபரில் அறுவடை முடிந்து வெறும் நிலமாகக் கிடக்கும். மரமோ மதிலோ எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் பெரிய தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் நெடுநேரம் தெரியும். வயல்களுக்கு நடுவே காற்றாலைகள். அவை எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்பதில்தான் எங்கள் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அன்று மேற்கே பார்த்து நின்றன. நாங்கள் போவது தெற்கே. அப்படியென்றால் காற்று வலப்பக்கத்தால் அடிக்கும்.

சமதரையில் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுடைய பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிவிடும். முன்னால் ஒருவர் போனால், அவருக்குப் பின்னே ஒட்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சமாகும். காற்று பக்கவாட்டில் வந்தால் நேர் பின்னே நின்று பயனில்லை, சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். எனவே முதல் ஆள் வீதியின் வலது ஓரத்தைப் பிடிப்பார், மற்றவர்கள் அவருக்கு இடப்பக்கமாகச் சரிந்து சரிந்து விசிறி மாதிரி நிற்பார்கள். ஒரு சின்ன வீதியில் பத்து, பன்னிரண்டு பேருக்குத்தான் அப்படி இடம் இருக்கும். பதின்மூன்றாவது ஆளுக்கு மறைவே கிடையாது. இடது ஓரத்துப் புல்லை உரசிக்கொண்டு தனியாக மிதிக்க வேண்டியதுதான். பலமான ஓட்டக்காரர்கள்கூட அந்த ஓரத்தில் கால்மணி நேரத்தில் கழன்று போவதைக் கண்டிருக்கிறேன்.

இதை எனக்கு எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தரவில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், கடலுக்கு நடுவே போகிற பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போவோம். அப்பா முன்னுக்கு, நான் என் சின்னச் சைக்கிளில் பின்னுக்கு. காற்று இடப்பக்கக் கடலிலிருந்து வரும். "கடலைப் பாராதை, என்ரை பின் சில்லைப் பார்த்துக்கொண்டு வா. கொஞ்சம் வலப்பக்கமா வா" என்பார். பஸ் சத்தம் கேட்டால் உடனே இடது ஓரத்துக்குப் போகச் சொல்வார். அந்த ஓரத்துக்குப் போன கணமே காற்று நெஞ்சில் வந்து அடிக்கும். கால் கனத்துவிடும். பஸ் போனதும் மறுபடி அப்பாவின் மறைவு. சார்த்ருக்குத் தெற்கே நான் கண்டது அதே காற்றுத்தான், பக்கம் மட்டும் மாறியிருந்தது.

எங்கள் அணியில் ஏழு பேர். வெல்லக்கூடியவர் ஒருவர், அவர்தான் தலைவர். மற்ற ஆறு பேரும் அவருக்காக ஓடுகிறவர்கள். என் வேலை 160 கிலோமீற்றர் வரை அவருக்குக் காற்று படாமல் பார்ப்பது, அணிக் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல் வாங்கி வருவது. சாப்பாடும் ஒரு வேலைதான். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும், பசி வருமுன்பே. முதுகுப் பையில் ஈயத் தாளில் சுற்றிய சோற்றுக் கட்டிகள் இருக்கும். எங்கள் புக்கையை இறுக்கித் துண்டாக வெட்டினால் எப்படி, அப்படி.

அப்புறம் திராட்சைத் தோட்டங்கள். 2018 இலிருந்து இந்தப் பந்தயத்தின் கடைசிப் பகுதியில் தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதைகளைச் சேர்த்திருக்கிறார்கள். முன்பு நல்ல தார் வீதி மட்டும்தான். 2015 இல் வென்ற இத்தாலியர் மத்தேயோ திரெந்தின், பின்காற்றின் துணையோடு மணிக்கு 49.6 கிலோமீற்றர் சராசரியில் ஓடி முடித்தார். இப்போது வெள்ளைப் புழுதி, நடுவில் புல், கூர்க்கல். பாதை அழகாய் இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. நாள் முழுக்க உழைத்தவன் ஒரு கல்லால் தோற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் தலைவருக்கு அதுதான் நடந்தது. இரண்டாவது தோட்டத்தில் அவருடைய முன் சில்லில் காற்றுப் போனது. அணிக் கார் எங்கோ பின்னே. நான் இறங்கி என் முன் சில்லைக் கழற்றினேன். கை நடுங்கியது, அச்சு மறையில் ஏறவில்லை, இரண்டாம் முறைதான் பிடித்தது. அவர் முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அவர் வளைவில் மறைந்ததும் கையில் இருந்த சில்லைப் பார்த்தேன். ரயருக்குள் நகக்கண் அளவு ஒரு கருங்கல் செருகி நின்றது. அதைப் பிடுங்கிப் பையில் போட்டேன். இன்றும் வீட்டில் இருக்கிறது.

கார் வந்து எனக்குச் சில்லு கிடைத்தபோது மற்றவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். தூர் நகரத்தின் அந்த நீளமான கிராமோன் வீதியில் நான் நுழைந்தபோது தடுப்புகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் முன் கூட்டத்தோடு வந்து சேர்ந்திருந்தார். என் முன் சில்லு அவருடைய சைக்கிளில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெந்த நாளிலும் வந்ததில்லை.

அப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார். இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சோளகம் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தடியில் நிற்பேன், பிள்ளைகளை அனுப்புங்கள். பழைய லுமாலா சைக்கிள் என்றாலும் சரி, ரயருக்குக் காற்றடித்து, ஒரு போத்தல் தண்ணீரோடு வரட்டும். போகும்போது எல்லோரும் இடது ஓரத்தில் ஒற்றை வரிசை, இப்போது வாகனங்கள் அதிகம். திரும்பும்போது காற்று வலப்பக்கம் வந்துவிடும், மறைவு ஓரத்துப் பக்கம் விழும். அப்போது எங்கே நிற்பது என்று காட்டித் தருகிறேன்.

வணக்கம்.