பத்தூர் நடராசரும் பேசும் கணினியும்

நேயர்களுக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு வந்துவிட்டால், மனிதனுக்குள்ள உரிமைகள் அத்தனையும் அதற்கும் தர வேண்டுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவர், தாம் சோதித்துவந்த உரையாடல் மென்பொருளுக்கு உணர்வு வந்துவிட்டது என்றார். நிறுவனம் மறுத்தது, அவருக்கு வேலையும் போயிற்று. அந்த வாதத்தை அறிவியலாரிடம் விட்டுவிடுகிறேன். நான் சட்டம் படித்தவன். மனிதர் அல்லாத ஒன்றுக்கு உரிமை கொடுத்தால் அதற்காகப் பேசப்போவது யார் என்பதுதான் என் கவலை.

இந்த இடத்தில் பத்தூர் நடராசரை அழைத்தே ஆக வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள், எந்தப் பேச்சிலும் அவரைக் கொண்டுவந்துவிடுவேன் என்று!

1976-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு வெண்கலச் சிலையாக அந்த நடராசர் கிடைத்தார். பல கைகள் மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா நிறுவனம் ஒன்று 1982-இல் அவரை விலைக்கு வாங்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சீர்செய்யக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. உரிமை கோரி எதிரே நின்றவர்கள் யார்? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, சரி. கூடவே பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலும் ஒரு தரப்பு! அங்கிருந்த சிவலிங்கமும் ஒரு தரப்பு! இடிந்து கிடந்த கோயில், நேயர்களே. லண்டனில் போய் வழக்காடியது. கோயிலும் தெய்வமும் வழக்காடக்கூடிய நபர்கள் என்பது இந்தியச் சட்டம். ஆங்கிலச் சட்டத்தில் இப்படி ஒரு நபர் கிடையாது. ஆனாலும் இந்தியச் சட்டம் ஏற்கும் நபரை நாங்கள் வாசலில் நிறுத்த மாட்டோம் என்ற முடிவுக்கு நீதிபதிகள் வந்தார்கள். மேல்முறையீட்டிலும் கோயிலே வென்றது. 1991-இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

அந்தக் கோயிலுக்கு வலிக்குமா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். நியூயார்க் உயிரியல் பூங்காவில் ஹேப்பி என்றொரு யானை. அதற்கு வலிக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் அதற்கு விடுதலை கோரிய மனுவை 2022-இல் அந்த மாநில உயர்மட்ட நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்று தள்ளிவிட்டது. ஆகவே உணர்வு வந்தால் உரிமை தானாக வரும் என்று நம்பாதீர்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? 1925-இல் கல்கத்தா மல்லிக் குடும்ப வழக்கில் பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், இதைத் தொட்டது. பங்காளிகள் முறைவைத்து வழிபாடு நடத்திவந்தார்கள். தன் முறை வந்த ஒருவர், குலதெய்வத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தார். தெய்வத்துக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதைச் சொல்ல, சொந்த ஆதாயம் இல்லாத ஒருவரை நீதிமன்றம் அமர்த்தட்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆதாயம் இல்லாத ஒருவர், இதைத்தான் மறுபடியும் சொல்கிறேன். உணர்வுள்ள கணினி ஒன்று வந்தால், அதை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் நிறுவனமே அதன் காப்பாளராகவும் இருக்கக் கூடாது.

‘அதே உரிமைகள்’ என்பதற்கு வருகிறேன். கையைக் காட்டுகிறார்கள், நேரம் குறைவு. சபரிமலை வழக்கில் 2018-இல் நீதிபதி சந்திரசூட், தெய்வம் சட்டப்படி நபர்தான், ஆனால் அடிப்படை உரிமைகளைக் கோர முடியாது என்று எழுதினார். உரிமைகளைப் பிரித்துப் பிரித்துத் தரலாம். வதைபடாதிருக்கும் உரிமையை உணர்வுள்ள எதற்கும் உடனே கொடுத்துவிடுவேன். வாக்குரிமை மட்டும் மாட்டேன்: தேர்தலுக்கு முதல்நாள் இரவு ஒரு மென்பொருள் தன்னைப் பத்து லட்சமாக நகலெடுத்துக்கொண்டால் வாக்காளர் பட்டியல் என்ன ஆவது? சொத்துரிமை பற்றியும் குறித்து வைத்திருந்தேன், மணி அடித்துவிட்டது. வணக்கம்.