யார் யாருக்குப் பதில் சொன்னார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு வகுப்பறைக் காணொளியைப் பலர் தத்தம் இடத்திலிருந்தே இணையத்தில் பார்த்து, வேண்டிய நொடியில் நிறுத்தி, அந்த நொடியோடு சேர்த்துக் குறிப்பு எழுதும் வழக்கம் ஆசிரியர் பயிற்சியில் வந்துவிட்டது. எழுதியவர்களுக்கிடையே உரையாடல் நிகழ்ந்ததா என்பதை எப்படி அளப்பது? பல ஆண்டுகளாக என்னை விடாத கேள்வி இது.

ஒருமுறை பயிற்சி மாணவர்களுக்குப் பின்னக் கணக்கு வகுப்பு ஒன்றின் காணொளியைக் கொடுத்தேன். ஒருவர் 40 குறிப்புகள் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை, அவரும் பிறர் குறிப்புகளுக்குப் பதில் எழுதவில்லை. இன்னொரு மாணவி எழுதியவை மூன்றே. காணொளியில் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி கையைப் பாதி உயர்த்தி, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மெல்ல இறக்கிக்கொள்கிறாள். அந்த நொடியில் அந்தப் பயிற்சி மாணவி, "இவள் ஏன் கையை இறக்கினாள்?" என்று கேட்டிருந்தார். அதன்கீழ் ஆறு பேர் வாதிட்டார்கள். வகுப்பு முழுவதும் உற்சாகமாக இருந்தது என்று முன்பு எழுதியிருந்த ஒருவர் திரும்பி வந்து, தம் குறிப்பையே மாற்றி எழுதினார். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் 40 எழுதியவருக்கே முதலிடம் கொடுத்திருப்பேன். எண்ணிக்கை வேறு, உறவாடல் வேறு.

மனநல மருத்துவர் ஜேக்கப் மொரீனோ, பள்ளிப் பிள்ளைகளிடம் யார் பக்கத்தில் உட்கார விருப்பம் என்று கேட்டு, விடைகளை அம்புக்குறிகளாக வரைந்து 1934இல் வெளியிட்டார். ஒருவரை ஒருவர் தேர்ந்தவர்களும், எவராலும் தேரப்படாத பிள்ளையும் அதில் உடனே புலப்பட்டார்கள். குறிப்புகளிலும் அதையேதான் கேட்க வேண்டும்: யார் யாருக்குப் பதில் சொன்னார், அந்தப் பதிலுக்கு மறுபதில் வந்ததா? மறுபடியும் சொல்கிறேன், எத்தனை என்பதல்ல, யாருக்கு என்பதே கேள்வி.

காணொளியில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. 2006இல் ஜப்பானில் தொடங்கிய நிகோநிகோ என்னும் காணொளித் தளத்தில், வெவ்வேறு நாட்களில் எழுதப்பட்ட கருத்துகள் படத்தின் ஒரே நொடியில் திரையின்மேல் ஓடுவதால், எல்லோரும் கூடியிருந்து பார்ப்பது போன்ற உணர்வு எழுகிறது. ஆகவே ஒரே நொடியில் குறிப்புகள் குவிந்திருப்பதாலேயே எழுதியவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. பதிலே எழுதாமல் பிறர் குறிப்பைப் படித்துக் கற்றவரும் இருப்பார், படித்த தடத்தைத் தளம் பதிவு செய்யாவிட்டால் அவர் நம் கணக்கில் வரமாட்டார்.

நேரம் நெருங்கிவிட்டது. எது கேள்வி, எது மறுப்பு என்று குறிப்புகளை வகைப்படுத்துவதை ஒருவரே செய்யாமல் இருவர் தனித்தனியே செய்ய வேண்டும். இருவர் முடிவும் ஒத்துப்போவதில் தற்செயலின் பங்கைக் கழித்துப் பார்க்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்னும் அளவை உதவும். அதை விரிக்க இன்று பொழுதில்லை. வணக்கம்.