ஒரு டி விடுபட்ட மாறிலி

வணக்கம் நண்பர்களே. தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கிறது. மைக்கில் இரைச்சல் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் தேங்காய் மண்டி எடை எந்திரத்தைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? எந்திரம் உரிய நேரத்தில் பதில் தராவிட்டால் டிரைவர் ஒரு பிழைக் குறியைத் திருப்பித் தர வேண்டும். அது ஒரு மாறிலி, அதாவது மாறாத ஓர் எண்ணுக்கு வைத்த பெயர். அதன் பெயரை ஆவணத்தில் பார்த்து 'ஈடைம்அவுட்' என்று அப்படியே எழுதினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சாதித்தது. இத்தகைய பெயர்களை வரையறுக்கும் ஹெடர் கோப்புகளில் எதைச் சேர்க்க மறந்தேன் என்று மாலை முழுவதும் தேடினேன். கடைசியில் ஹெடரையே திறந்து பார்த்தால், உண்மையான பெயர் 'ஈடைம்டுஅவுட்'. நடுவில் ஒரு டி, ஆங்கில D.

'டைம்அவுட்' நல்ல ஆங்கிலச் சொல். எந்த எழுத்துப்பிழை திருத்தியும் அதில் குறை காணாது. ஆனால் மாறிலியின் எழுத்துக்கு ஹெடர்தான் சாட்சி. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' கட்டளையின் பெயரில் கடைசி 'ஈ' (e) எழுத்து கிடையாது. யூனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த ஈயைச் சேர்ப்பேன் என்றார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். இன்றுவரை அது ஈ இல்லாமலேதான் இருக்கிறது. ஆவணத்தில் அதை யாராவது 'திருத்தினால்' அதுதான் பிழை.

எல்லையில் வாழும் நமக்கு இது தெரியாததா? என் பாட்டி பெயரிலுள்ள ழகரம் ஓர் அட்டையில் ஒரு விதம், இன்னோர் அட்டையில் வேறு விதம். தமிழாசிரியரைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. முதலில் பதிவான எழுத்தோடுதான் ஒத்துப் பார்ப்பார்கள்.

பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள். அந்தப் பிழையின் எண் வழக்கமான லினக்ஸ் கணினியில் 110, ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் 60. பெயர் மட்டுமே இரண்டுக்கும் பொது.

ஆகவே ஹெடரைத் தொடாமல் ஆவணத்துக்கு மட்டும் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். விளக்கத்தில் ஓரிடம், மாதிரி நிரலில் ஓரிடம், இரண்டையும் ஒன்றாக. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால், படிப்பவர் எதை நம்புவார்? சரியான பெயரைத் தேடியவர்கள் கண்ணில் இந்தப் பக்கம் இதுவரை பட்டிருக்காது. என் ஒரு மாலை போனதைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

நாளை காலை மண்டியில் எந்திரத்தின் சீரியல் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிழைக் குறி ஒழுங்காக வருகிறதா என்று உங்களுக்குக் காட்டுகிறேன்.