பாரிமுனையிலேயே ஒரு வீடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வீடற்றோருக்கு மாநகரம் செய்ய வேண்டியது காப்பகங்களைப் பெருக்குவதா, வீடு தருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு தருவதே என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்கே தருவது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை எடுத்துக்காட்டினார். அந்த உத்தரவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டெல்லிக் குளிரில் மனிதர்கள் விறைத்துச் செத்தபோது பிறந்தது அது. ஊரைவிட்டு வந்தவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், இவர்களுக்கெல்லாம் காப்பகம் உயிர் காக்கும் இடம். அதில் ஒரு படுக்கையைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

ஆனால் சென்னை நடைபாதையில் குடும்பங்கள் அல்லவா வாழ்கின்றன? விடியற்காலையில் பாரிமுனைக்கு அருகே உள்ள வால்டாக்ஸ் சாலைக்கு வந்து பாருங்கள். கடை ஷட்டர் திறப்பதற்குள் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி, சட்டி பானையைக் கோணியில் கட்டி, மீன்பாடி வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார் ஒரு தாய். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை. மழை வந்தால் முதலில் அந்தப் பையைத்தான் தூக்குவாராம். அவர் பிறந்தது அதே தெருவில்; அவருடைய தாய் பிறந்ததும் அங்கேதான். இரவில் கட்டணக் கழிப்பிடத்தைப் பூட்டிவிடுவதால், பொழுது சாய்ந்த பிறகு தாயும் மகளும் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

இந்தக் குடும்பத்தை எந்தக் காப்பகத்தில் சேர்ப்பீர்கள்? கணவரை ஆண்கள் காப்பகத்திலும் மனைவியைப் பெண்கள் காப்பகத்திலுமா? அடுப்பை எங்கே மூட்டுவார்கள்?

"வீடுதானே, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் தந்தோமே" என்பார்கள். நடுவர் அவர்களே, என் மனம் கொதிப்பது இங்கேதான். பாரிமுனையில் சுமை தூக்குபவரை 20 கிலோமீட்டருக்கு அப்பால் குடியேற்றினால், விடியுமுன் அவர் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? கூலியில் எவ்வளவு டிக்கெட்டுக்குப் போகும்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். திரும்பியவரை நன்றி கெட்டவர் என்று ஏசுகிறோம்.

பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிழைப்பு இல்லாமல் வாழ்வுரிமை இல்லை, வேலை பக்கத்தில் இருப்பதால்தான் இவர்கள் இங்கே கிடக்கிறார்கள். அதே தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து அவர்களை அப்புறப்படுத்தவும் வழிவிட்டது. இந்தப் பின்பாதியை மட்டும் நம் நகரங்கள் நன்றாகப் படித்துக்கொண்டன.

காப்பகம் முதல் படி, வீடு அடுத்த படி என்றும் எதிரணி வாதிட்டது. பின்லாந்தும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 2008-இல் கொள்கையையே மாற்றி, முதலில் வீட்டுச் சாவி, பிறகு மற்ற உதவிகள் என்றது. ஹெல்சின்கியில் பழைய காப்பகக் கட்டடங்களையே தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். அந்த ஆண்டு 558 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள், 2016-இல் 52 போதும் என்றாயின. அது பணக்கார நாடு, மறுக்கவில்லை. ஆனால் வரிசையை மாற்றுவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டுமா?

நகருக்குள் நிலம் இல்லையாம். குடிசை மாற்று வாரியம் 1970 முதல் கட்டிய குடியிருப்புகள் இன்று பழுதாகி, இடித்துக் கட்டப்படுகின்றன. அவற்றில் இரண்டு மாடி கூட்டிக் கட்டினால், அதே வட்டத்து நடைபாதைக் குடும்பங்களுக்கு இடம் பிறக்காதா?

அந்தத் தாயின் குடும்ப அட்டையில் முகவரி இருக்கிறது. தெருப் பெயர் இருக்கிறது, அஞ்சல் எண் இருக்கிறது. கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நடைபாதை' என்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

நன்றி.