முகத்தில் தெரியாத காயம்

வணக்கம். வானொலிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே வைத்து, மெதுவாக மேலுதடு வரைக்கும் இறக்குங்கள். நடுவில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்படும். சில குழந்தைகளுக்கு அந்தப் பள்ளம் மழுங்கிப்போயிருக்கும். மேலுதடு மெல்லிய கோடாக இருக்கும், கண் திறப்பும் சிறியதாக இருக்கும். மூன்றையும் ஒரே முகத்தில் பார்த்தால், வயிற்றில் இருக்கும்போது இந்தக் குழந்தையின் மேல் மது பட்டிருக்குமோ என்று மருத்துவர் யோசிப்பார்.

இப்படி யோசிக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும், தங்கள் சகாக்களோடு சேர்ந்து, 8 குழந்தைகளைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் முகத்தில் கூடப் பிறந்தவர்கள் போல ஒரே ஜாடை. தாய்மார் அத்தனை பேரும் குடிக்கு அடிமையானவர்கள். 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்', அதாவது கருவில் மது பட்டதால் வரும் பாதிப்பு, என்ற பெயர் அந்த ஆண்டில் பிறந்தது. 5 வருடத்துக்கு முன்பே பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 127 குழந்தைகளைப் பார்த்து இதையேதான் எழுதியிருந்தார். அவர் எழுதியது பிரெஞ்சில், உள்ளூர் மருத்துவ இதழில். யாரும் கண்டுகொள்ளவில்லை. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது, சரியான பத்திரிகையிலும் வர வேண்டும்!

சரி, முகத்துக்கு வருவோம். அந்த ஜாடை எப்போது விழுகிறது? 1981இல் கேத்லீன் சூலிக் என்ற ஆய்வாளர் கருவுற்ற சுண்டெலிகளுக்கு 7ஆம் நாளில் மட்டும் மது கொடுத்துப் பார்த்தார். குட்டிகளின் முகம் அதே மாதிரி அமைந்தது. சுண்டெலியின் 7ஆம் நாள் மனிதக் கருவின் 3ஆவது வாரத்துக்குச் சமம். 'நாள் தள்ளிப்போகிறதே' என்று ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் தட்டுகிற நேரம் அது. முகத்துக்கு மண் பிசைகிற தொடக்க வாரங்கள் கடந்துவிட்டால், பிறகு முகம் பெரிதாக மாறுவதில்லை.

மூளை அப்படியில்லை. அது ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் முகத்தில் எதுவுமே தெரியாமல் மூளையில் மட்டும் அடிபட்ட பிள்ளைகள்தான் அதிகம். நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதற்குத் தடையே இல்லை. கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவு ஏறக்குறைய குழந்தையின் ரத்தத்திலும் வந்துவிடும். பெரியவர்களுக்கு மதுவை உடைத்து வெளியேற்றுகிற வேலையைக் கல்லீரல் பார்க்கிறது. கருவின் கல்லீரலுக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. சிறுநீரில் கொஞ்சம் போகும். ஆனால் அந்தச் சிறுநீர் எங்கே போகிறது? பனிக்குட நீரில்தான் கலக்கிறது. குழந்தை அதையே திரும்ப விழுங்குகிறது. அம்மாவுக்குப் போதை தெளிந்த பிறகும் உள்ளே இது சுற்றிக்கொண்டிருக்கும்.

மூளை செல்கள் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை. மூளையின் உள்ளறைகளை ஒட்டிப் பிறந்து, நூலேணி போன்ற மெல்லிய இழைகளைப் பிடித்துக்கொண்டு வெளி அடுக்குக்கு ஏறிப் போகின்றன. மது குறுக்கிட்டால் சில செல்கள் பாதி வழியில் நின்றுவிடும், சில எல்லை தாண்டிப் போய்விடும். 1973லேயே, இறந்துபோன ஒரு பச்சைக் குழந்தையின் மூளையைத் திறந்து பார்த்தபோது செல் அடுக்குகள் இப்படிக் கலைந்து கிடந்தன. கடைசி மூன்று மாதத்தில் வேறு ஆபத்து. அப்போது செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பித் தொடர்பு ஏற்படுத்திக்கொள்கின்றன. மது அந்தச் சைகையை அமுக்கிவிடும். சைகை வராத செல், தனக்கு இங்கே வேலை இல்லை என்று தானாகவே செத்துவிடும். இடது வலது மூளையை இணைக்கும் நரம்புப் பாலம் மெலிந்துபோகலாம், சில குழந்தைகளுக்கு அது இல்லாமலே போகலாம். சிறுமூளை சிறுத்துவிடலாம்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? 'பையை எடு, செருப்பைப் போடு, தண்ணீர் பாட்டிலை மறக்காதே' என்று மூன்று வேலை சொன்னால், பிள்ளை பாட்டிலோடு மட்டும் வந்து நிற்கும். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று இருக்காது, நாளைக்கு வந்தாலும் வரும். கணக்கு, நேரம், காசு, இந்த மூன்றும் பெரும் பாடு. வாய் மட்டும் நன்றாகப் பேசும். அதனால்தான் 'இவ்வளவு பேசத் தெரிகிறதே, வேண்டுமென்றே செய்கிறான்' என்று அடி விழுகிறது. அடிக்கும் தப்புக்கும் உள்ள தொடர்பைப் பிடித்துவைக்க வேண்டிய இடமே அங்கே சேதப்பட்டிருக்கிறது. பிறகு அடித்து என்ன பயன்?

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். ஒரு நாளில் பல தடவை ஊற்றிக் கொடுப்பார்கள். 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் வார இறுதியில் மொத்தமாகக் குடிக்கும் பழக்கம் தலைமுறை தாண்டி நின்றது. மெலிந்த உடம்பு, அரைவயிறு சாப்பாடு, அதன் மேல் ஒரே மூச்சில் குடி. மூளைக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. 1990களின் பிற்பகுதியில் அந்த மாகாணத்தின் ஒரு ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 1000 பேரில் 40 பேருக்கு மேல் இந்தப் பாதிப்பு இருந்தது. அந்தத் தாய்மார்களின் கையில் கோப்பையைக் கொடுத்தது யார்?

குடித்த எல்லாத் தாய்மாருக்கும் இப்படிப்பட்ட பிள்ளை பிறப்பதில்லை. உலக அளவிலான ஒரு கணிப்பு, கர்ப்பத்தில் குடித்த 13 பெண்களில் ஒருவருக்கு என்று சொல்கிறது. ஒரே வயிற்றில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளில்கூட ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் பாதிப்பு இருக்கலாம். யார் அந்தப் பதின்மூன்றில் ஒருவர் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இவ்வளவு வரை பரவாயில்லை என்கிற அளவும் இல்லை. தெரியாமல் குடித்துவிட்டேனே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இன்றைக்கு நிறுத்தினாலும் லாபம்தான். மூளைக்கு இன்னும் வளர வேண்டிய மாதங்கள் இருக்கின்றன.

நம் வீடுகளில் யார் குடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறோம். சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீர் வேறு, புளித்த கள் வேறு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிஷ்டமும் புளிக்க வைத்துத் தயாராவதுதான், அதிலும் ஆல்கஹால் உண்டு. கர்ப்ப காலத்தில் அதைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கர்ப்பிணியிடம் சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா என்று கேட்கிறோம். 'குடிப்பதுண்டா' என்று கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் அவமானப்படுத்தியதாகிவிடுமோ என்று தயக்கம். கேட்காமல் விட்டால், பத்து வருடம் கழித்து ஒரு வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் வைப்பார்கள். சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 6 வயதுக்குள் பாதிப்பு என்னவென்று தெரிந்து, நிலையான வீட்டில் வளர்ந்தவர்கள் பின்னாளில் போலீஸ், பள்ளி நீக்கம் போன்ற சிக்கல்களில் குறைவாகவே மாட்டினார்கள். அந்த வீட்டில் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. 'பையை எடு' என்று சொல்லுங்கள். எடுத்த பிறகு, 'செருப்பைப் போடு.'

நன்றி, வணக்கம்.